பேருந்துப் பக்கத்து வாசல்

கூரைச் சந்தை என்பது தமிழ்ச் சனம் வைத்த பெயர். அதற்கு ஒழுங்கான பிரெஞ்சுப் பெயர் ஒன்றும் இருந்தது. அதை வாடகைப் பத்திரத்தில் மட்டும்தான் பார்க்கலாம். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், ரயில் பாதையை ஒட்டி, ஒரு காலத்தில் கம்பளத் தொழிற்சாலையாக இருந்த நீளமான கட்டடம் அது. நடுவில் ஒரு பாதை. இரண்டு கரையிலும் நாற்பது கடைகள். மேலே, மழை பெய்தால் ஏழெட்டு இடத்தில் ஒழுகும் கண்ணாடிக் கூரை. பாதையின் ஒரு முனை பேருந்து நிறுத்தத்தில் திறக்கும், மறு முனை மெட்ரோவுக்குப் போகும் தெருவில்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் அந்த வட்டாரத்தின் பாதிச் சனம் அதற்குள்ளால்தான் நடக்கும். வாங்குவதற்கென்று வருபவர்கள் கொஞ்சம். பேருந்தால் இறங்கி மெட்ரோவுக்குப் போகிறவர்களும், பிள்ளையைக் கார்டெரி என்ற காப்பகத்தில் விட்டுவிட்டுத் திரும்புகிறவர்களும், வீட்டில் சூடு போதாமல் வந்து நிற்கிற வயதானவர்களும்தான் கனபேர். போகிற போக்கில் ஒரு கோப்பையைத் தூக்கிப் பார்ப்பார்கள், பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போடுவார்கள், நாளைக்கு வருகிறேன் என்பார்கள். சிலர் உண்மையாகவே வருவார்கள்.

நடுப்பாதையில் பதினெட்டாம் இலக்கக் கடை செலீனுடையது. துணிக்கடை. ஷபனெல் தெருத் தையல் தொழிற்சாலைகளில் மிஞ்சுகிற சுருள்களை மொத்தமாக எடுத்து வந்து, மீற்றர் கணக்கில் வெட்டி விற்பாள். மன்னார் பேசாலைக்காரி. தொண்ணூறாம் ஆண்டில் வள்ளமேறி இராமேசுவரத்துக்குப் போய், மண்டபம் அகதி முகாமில் எட்டு வருடம் இருந்து, சவிரிமுத்துவைக் கட்டி, அவர் கூப்பிட்டு மொன்றியலுக்கு வந்தவள். வந்த மூன்றாம் கிழமையே ஷபனெலில் தையல் இயந்திரத்துக்கு முன்னால் இருந்தாள். ஒன்பது வருடம் காற்சட்டைப் பைகள் தைத்தாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் வந்து, திங்கட்கிழமையிலிருந்து தொழிற்சாலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை போனாலும் துணியைத் தொட்டுப் பார்த்தே அதன் குணம் சொல்லக் கைக்குப் பழகியிருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் கூரைச் சந்தைக்கு வந்தாள். இது நடந்து பதினேழு வருடமாகிறது.

பிரெஞ்சை அவள் படித்தது வகுப்பில் அல்ல, பேரத்தில். முதலில் எண்கள் வந்தன, பிறகு நிறங்கள், அதற்குப் பிறகு 'விடியக் காலமையே என்னை அழவைக்காதையுங்கோ, மதாம்' என்பதற்குச் சமமான வசனங்கள். அரபியிலும் கிரெயோலிலும் வங்காளத்திலும்கூட விலை பேசுவாள். அவளிடம் துணியைக் காட்டி என்ன விலை என்று கேட்டால், உடனே சொல்லமாட்டாள். "என்னத்துக்கு?" என்று கேட்பாள். ஜன்னலுக்கு என்றால் ஒரு விலை. தேவாலயத்தில் முதல் நன்மை எடுக்கிற பிள்ளைக்குச் சட்டை என்றால் வேறு விலை. தேவாலயப் பாடகர் குழுவுக்கு இருபது அங்கி தைக்க வந்த ஹெயிட்டிப் பெண்ணோடு அரைமணித்தியாலம் மல்லுக்கட்டி, கடைசியில் அந்தப் பெண் கேட்டதிலும் பார்க்கக் குறைத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். விலையுயர்ந்த மேலங்கி போட்டுக்கொண்டு வந்து, கிழிந்த ஓரத்தைக் காட்டிக் குறைக்கச் சொன்ன ஒருவருக்கு ஒரு சதமும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆளையும் தேவையையும் பார்த்துத்தான் விலை சொல்லவேண்டும் என்பது அவளுடைய நியாயம்.

செப்டெம்பரில் கட்டடம் கைமாறியது. வாங்கிய நிறுவனம் எல்லோரையும் ஒரு சனிக்கிழமை காலை கூப்பிட்டு, கோப்பியும் குறுவாசோன் பணிசும் கொடுத்தது. கோத்தியே என்ற முகாமையாளர் பெரிய படம் ஒன்றை நிமிர்த்தி வைத்தார். கூரைச் சந்தை இனி 'லெ சூக்'; அரபு நாட்டுச் சந்தை என்று அர்த்தம். கண்ணாடிக் கூரை புதிதாகும். வளைவுகள் வரும். பித்தளை விளக்குகள் வரும். மெட்ரோப் பக்கத்தில் ஒரு பெரிய வாசலும் உணவகமும் வரும். படத்தின் நடுவே தலையில் முக்காடிட்ட ஒரு பெண் கையை விரித்து விலை பேசிக்கொண்டிருந்தாள். எதிரே நின்ற வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வடிவாய்த்தான் இருக்கு," என்றாள் பௌசியா. விளக்குக் கடைக்காரி, மொறோக்கோவின் ஃபெஸ் நகரத்தவள், செலீனின் பக்கத்துக் கடை. "ஆனா அந்த விளக்குகள் என்னட்டை வாங்கினது இல்லை."

ஒவ்வொருவர் கையிலும் முப்பது பக்கப் பத்திரம் ஒன்று கொடுக்கப்பட்டது. டிசெம்பர் முடிவதற்குள் கையெழுத்து வைத்தால் புதிய சந்தையில் ஒரு வருடத்துக்கு இடம் உண்டு. வைக்காதவர்கள் வசந்தத்துக்குள் வெளியேற வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மகள் றொஷினி அந்தப் பத்திரத்தைக் குசினி மேசையில் விரித்தாள். லொங்குய்யில் காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறவள்; இந்த மாதிரிக் காகிதங்கள் அவளுக்குப் பழக்கம். பிரெஞ்சில் வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். பதினாலாம் பிரிவில் நின்றாள்.

"அம்மா, இதைக் கேளுங்கோ. எல்லாச் சாமானுக்கும் விலை எழுதி ஒட்டவேணுமாம். ஒட்டின விலையை மாத்தக் கூடாதாம். வாடிக்கையாளரோட விலை பேசக் கூடாதாம். புதுச் சந்தையின்ர அந்தஸ்துக்குப் பொருந்தாதாம்."

செலீன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "படத்தில ஒருத்தி நிண்டு விலை பேசுறாளே?"

"அது படம்."

"அப்ப படத்தில பேசலாம், பத்திரத்தில ஏலாது."

இருபத்திரண்டாம் பிரிவு இன்னும் மோசம். பேருந்துப் பக்கத்து வாசல் நிரந்தரமாக மூடப்படும். சந்தைக்குள் வருகிறவர்கள் எல்லோரும் புதிய வாசலால், உணவகத்தைக் கடந்து, வரவேண்டும். வாங்காமல் நடந்து போகிறவர்களைத் தவிர்ப்பதற்காக என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது.

"அந்தச் சனம் வேண்டாமாம்," என்றாள் செலீன். கத்தியைக் கீழே வைத்தாள். "நடந்து போற சனம்தான் வாங்குற சனம். பத்துத் தரம் நடந்து போய்ப் பதினோராந்தரம் வாங்கும்."

எதிர்க் கடையில் பயணப் பெட்டிகள் விற்கும் இரவிச்சந்திரன் முதல் கிழமையே கையெழுத்து வைத்துவிட்டார். யாழ்ப்பாணத்தவர், செலீனுக்கு முன்பே சந்தைக்கு வந்தவர். கல்லா மேசையில் சாய்ந்து, சிரித்துக்கொண்டு சொன்னார்:

"தங்கச்சி, பெரிய ஆக்களோட மோதி வெல்லேலாது. வைச்சிட்டுப் பேசாமல் இரும்."

"நீங்கள் வைச்சிட்டியள் அண்ணை, நீங்கள் பேசாமல் இருங்கோ. நான் இன்னும் வைக்கேல்லை. அதுவரைக்கும் பேசுவன்."

டிசெம்பர் போனது. நாற்பது பேரில் இருபத்தாறு பேர் வைத்தார்கள். மூவர் கடையைக் கட்டிக்கொண்டு போனார்கள். பதினொரு பேர் வைக்கவில்லை. சிலருக்குப் பத்திரம் விளங்கவில்லை, சிலருக்குப் புதிய வாடகை எட்டவில்லை. வைக்கமாட்டேன் என்று வாய் திறந்து சொன்னவள் செலீன் ஒருத்திதான்.

ஜனவரி இரண்டாம் கிழமை, வெளியே சுழியத்துக்குக் கீழே இருபத்திரண்டு. காலையில் செலீன் மெட்ரோப் பக்கத்தால் வந்து கடையைத் திறந்தபோது பேருந்துப் பக்கத்தில் ஆட்கள் கண்ணாடிக் கதவைத் தட்டுவது கேட்டது. போய்ப் பார்த்தாள். வெளியேயிருந்து மட்டும் திறக்க முடியாதபடி வெளிப்புறத்தில் புதுப் பூட்டுப் போட்டிருந்தார்கள். கதவில் காகிதம் ஒட்டியிருந்தது: இந்த வாசல் இனி இல்லை, கட்டடத்தைச் சுற்றி வரவும். சுற்றி வருவது என்றால் ரயில் பாதையோரம் பனிக்குள் பத்து நிமிட நடை. வெளியே தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண்ணும், கைத்தடியோடு ஒரு கிரேக்கக் கிழவரும் நின்றிருந்தார்கள்.

உள்ளே கதவில், அவசரத்துக்குத் தள்ளித் திறக்கிற இரும்புப் பட்டை இருந்தது. செலீன் அதைத் தள்ளினாள். கதவு திறந்தது. அவர்கள் உள்ளே வந்தார்கள். கையை எடுத்தால் கதவு மூடிக்கொள்ளும். அவள் கடைக்குப் போய், தன்னுடைய கதிரையைக் கொண்டு வந்து, கதவின் இடுக்கில் போட்டு, அதில் இருந்தாள்.

முக்கால் மணித்தியாலத்தில் காவலாளி வந்தார். அல்ஜீரியாக்காரர், ஐந்து வருடமாக அவளுக்கு வணக்கம் சொல்கிறவர்.

"மதாம் செலீன், எழும்புங்கோ. நான் என்ர வேலையைச் செய்யவேணும்."

"செய்யுங்கோ. நானும் என்ர வேலையைத்தான் செய்யிறன்."

"உங்கட வேலை துணி விக்கிறது."

"ஆள் வந்தால்தானே விக்கலாம்."

அவர் முகாமையாளருக்கு அறிவித்துவிட்டதாகச் சொல்லி, தன் கழுத்துச் சால்வையைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கோத்தியே அன்று மாலை வந்தார். இது நிறுவனத்தின் சொத்து, கதவைத் திறந்து வைப்பதால் சூடு வீணாகிறது என்றார். செலீன், சந்தைக்குச் சூடு வருவது சனத்தால் என்றாள். அவருக்கு அது விளங்கவில்லை. அல்லது விளங்கியும் விட்டுவிட்டார். அடுத்த நாளும் அவள் அங்கேயே இருந்தாள். கடையை பௌசியா பார்த்துக்கொண்டாள். துணி வேண்டியவர்கள் வாசலுக்கே வந்து விலை பேசினார்கள். செலீன் மடியில் மீற்றர் கோலை வைத்துக்கொண்டு அங்கிருந்தே சத்தமாய் விலை சொன்னாள். பௌசியா உள்ளே வெட்டினாள்.

சவிரிமுத்து புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். அதிகம் பேசாதவர். மூன்றாம் நாள் மாலை அவளைக் கூட்டிப்போக வந்தவர், அவளுடைய கால்விரல்களைப் பார்த்தார். வீட்டில் வெந்நீரில் காலை வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏனப்பா, இது எங்களுக்குத் தேவையா? பத்து மைல் தள்ளி இன்னொரு கடை எடுக்கேலாதா?"

"எடுக்கலாம்." செலீன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பேசாலையில எழும்பு எண்டாங்கள், எழும்பினன். ஷபனெலில எழும்பு எண்டாங்கள், எழும்பினன். ரெண்டு தரமும் ஏன் எண்டு கேக்கேல்லை. இந்தத் தரம் கேட்டுப்போட்டுத்தான் எழும்புவன். எழும்பாமலும் விடுவன்."

மறுநாள் விடிய, சவிரிமுத்து மின்சாரத்தில் சூடாகும் காலுறைச் சோடி ஒன்றைக் களஞ்சியத்து நண்பரிடம் வாங்கி வந்து மேசையில் வைத்திருந்தார்.

ஐந்தாம் நாள் காலை அவள் கதிரையோடு போனபோது இரும்புப் பட்டையைச் சுற்றிச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. உள்ளேயிருந்தும் திறக்க முடியாது. வெளியே ஆட்கள் நின்றார்கள். செலீன் சங்கிலியை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு கதிரையைச் சங்கிலிக்கு முன்னால் போட்டு இருந்தாள். வெளியே நின்றவர்கள் கண்ணாடிக்கூடாக அவளைப் பார்த்தார்கள். அந்த ஒரு காலையில்தான் தோற்றுப்போய்விட்டதாக அவளுக்குப் பட்டது. அழுகை வந்தது. அடக்கினாள்.

பத்து மணிக்குச் சீருடையோடு ஒரு பெண் வந்தாள். தீயணைப்பு இலாகாவின் பரிசோதகர். ஒரு கடைக்காரி கதிரை போட்டு அவசர வாசலை மறிக்கிறாள் என்று நிறுவனம் இரண்டு நாளைக்கு முன்பு முறைப்பாடு செய்திருந்தது. அதைப் பார்க்கத்தான் வந்திருந்தாள்.

"நீங்கள்தானா கதிரைக்காரி?"

"ஓம், நான்தான்." செலீன் எழும்பி, கதிரையைத் தூக்கி ஒரு பக்கம் வைத்தாள். "இப்ப நான் மறிக்கேல்லை. நீங்களே திறந்து பாருங்கோ."

பரிசோதகர் பட்டையைத் தள்ளினாள். சங்கிலி குலுங்கியது. இன்னொரு முறை தள்ளினாள். முகம் மாறியது.

"இதை ஆர் போட்டது?"

"நான் துணி விக்கிறவள். சங்கிலி என்னட்டை இல்லை."

பதினைந்து நிமிடத்தில் கோத்தியே ஓடி வந்தார். சங்கிலி போட்டது இரவுப் பணியாளர் என்றார், தனக்குத் தெரியாது என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். பரிசோதகர் எழுதிக்கொண்டே இருந்தாள். உள்ளே நூற்றைம்பது பேர் நிற்கிற கட்டடத்தில் இரண்டே வாசல். அதில் ஒன்று சங்கிலியில். அது வெட்டப்படும்வரை தான் அசையப்போவதில்லை என்றாள். ஹெயிட்டிக்காரர் வில்னேர், கைத்தொலைபேசி திருத்துகிறவர், தன் கடையிலிருந்து பெரிய வெட்டுக்குறடு கொண்டு வந்து கொடுத்தார். சங்கிலி விழுந்த சத்தம் நடுப்பாதை முழுக்கக் கேட்டது.

ஆனால் பரிசோதகரின் கட்டளை உள்ளேயிருந்து வெளியே போவதற்கு மட்டும்தான். வெளியேயிருந்து உள்ளே வருவது நிறுவனத்தின் விருப்பம் என்று அவள் ஒளிக்காமல் சொல்லிவிட்டுப் போனாள். ஆகவே பூட்டு அப்படியே இருந்தது. செலீன் மறுபடி கதவைத் தள்ளி, அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றாள். இம்முறை கதிரை போடாமல், வழியை மறிக்காமல், நின்றாள். ஒரு மணித்தியாலம் நின்றிருப்பாள். பௌசியா வந்து அவளை விலக்கி, தன் முதுகைக் கதவில் சாய்த்தாள்.

"போய்த் தேத்தண்ணி குடி. இது என்ர முறை."

அதற்குப் பிறகு முறை வைத்தார்கள். வில்னேர் மத்தியானம். ஆப்கான் உலர்பழக் கடைக்காரர் மூன்று மணிக்கு. கையெழுத்து வைத்தவர்களிலும் நாலைந்து பேர் வந்தார்கள். தெருவில் நடக்கிறவர்கள்கூட, பேருந்துக்கு நேரம் இருந்தால், ஐந்து நிமிடம் கதவைப் பிடித்தார்கள். வட்டாரப் பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்து, பனி படிந்த தலையோடு கதவைப் பிடித்து நிற்கும் செலீனைப் படமெடுத்தார். நிறுவனத்தின் 'சூக்' படமும் அவளுடைய படமும் பக்கத்துப் பக்கமாக அச்சாகின. இரவிச்சந்திரன் வரவில்லை. பெட்டிகளுக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி முதல் கிழமையில் கோத்தியே செலீனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். அவள் றொஷினியையும் பௌசியாவையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

செலீன் சொன்னாள். வாசல் காலை ஏழிலிருந்து இரவு ஒன்பது வரை இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். பதினாலாம் பிரிவு போகவேண்டும். ஒரு வருடப் பத்திரம் வேண்டாம், ஏழு வருடம் வேண்டும்.

கோத்தியே வாசலைப் பத்திலிருந்து ஐந்து வரை என்றார். செலீன் தலையசைத்து மறுத்தாள். எட்டிலிருந்து ஏழு என்றார். பத்திரம் மூன்று வருடம் என்றார். கடையை நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றச் சம்மதித்தால் நாலு என்றார். இப்படியே இரண்டு மணித்தியாலம் போனது. கோப்பி ஆறியது. ஒரு கட்டத்தில் செலீன் றொஷினியைப் பார்த்து, நான் சொல்வதை நல்ல பிரெஞ்சில் சொல்லு என்றாள்.

"முசியு, பதினாலாம் பிரிவில கூடாது எண்டு எழுதினதைத்தான் நீங்கள் ரெண்டு மணித்தியாலமாய்ச் செய்யிறியள். நல்லாத்தான் செய்யிறியள்."

றொஷினி சொன்னாள். கோத்தியே பேனையைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. அந்தப் பிரிவைக் கோடு போட்டு அடித்தார்.

வாசல் ஏழிலிருந்து ஒன்பது வரை. பத்திரம் ஐந்து வருடம். செலீனின் கடை நடுவிலிருந்து பேருந்துப் பக்க ஓரத்துக்கு. எல்லோரும் களைத்துப்போயிருந்தார்கள். றொஷினி பேனையைத் தாயிடம் நீட்டினாள்.

"பொறு," என்றாள் செலீன். "ஏற்கெனவே கையெழுத்து வைச்ச இருபத்தாறு பேருக்கும் அந்தப் பிரிவு போகுதோ?"

இல்லை என்றார் கோத்தியே. அவர்கள் தங்கள் விருப்பத்தோடு வைத்தவர்கள். அவர்களுக்குப் பழைய பத்திரம்தான்.

செலீன் பேனையை வாங்கவில்லை. எழும்பினாள்.

"அம்மா," என்றாள் றொஷினி மெல்லிய குரலில், தமிழில், "உங்களுக்குக் கிடைச்சிட்டுது. ரவி மாமா உங்களைப் பாத்துச் சிரிச்சவர்."

"ஓம், சிரிச்சவர். எனக்கு எதிர்க் கடையில ஒருத்தர் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க, நான் எப்பிடி விலை பேசுறது?"

இன்னும் இரண்டு கிழமை கதவைப் பிடித்தார்கள். அந்த இரண்டு கிழமையும்தான் மிகக் கடினம். பனிப்புயல் ஒன்று வந்தது. பதினொரு பேரில் இருவர் களைத்துப்போய்ப் பழைய பத்திரத்திலேயே கையெழுத்து வைத்தார்கள். செலீன் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் கிழமை செவ்வாய்க்கிழமை, மத்தியான முறைக்கு வில்னேருக்குப் பதிலாக இரவிச்சந்திரன் வந்து கதவருகே நின்றார். கையுறை போடத் தெரியாதவர் போல இரண்டு தரம் கழற்றிப் போட்டார்.

"நீர் எனக்காகவும் கேட்டனீராம்," என்றார்.

"ஆர் சொன்னது?"

"றொஷினி."

"அவளுக்கு வாய் கூட. கதவை நல்லாய்ப் பிடியுங்கோ அண்ணை, காத்து இழுக்கும்."

பெப்ரவரி முடிவதற்கு முன் எல்லோருக்கும் அந்தப் பிரிவு அடிக்கப்பட்டது. வெளிப்பூட்டைக் கழற்றினார்கள். செலீன் கையெழுத்து வைத்தாள், தமிழில்.

எல்லாம் வென்றுவிடவில்லை. வாடகை ஏறியது, அதை அவளால் தடுக்க முடியவில்லை. மே மாதம் வளைவுகள் வந்தன, கூரை மாறியது, எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்த பித்தளை விளக்குகள் தொங்கின. பௌசியாவுக்குப் புதிய வாடகை எட்டவில்லை. அவள் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் விளக்குகளைப் பழைய பத்திரிகைகளில் சுற்றி, பெட்டிகளில் அடுக்கினாள். லாவாலில் மகன் வீட்டு நிலவறையில் வைத்து இணையத்தில் விற்பேன் என்றாள். அந்த யோசனையில் நம்பிக்கை இருப்பதாக அவளுடைய குரலில் தெரியவில்லை.

செலீன் அந்தப் பெட்டிகளில் நான்கைத் தன் புதிய கடைக்குத் தூக்கி வந்தாள். பேருந்து வாசலோரம், குளிர் அடிக்கிற இடம். துணிச் சுருள்களை ஒரு பக்கமாக நெருக்கி அடுக்கினாள். மற்றப் பக்கத்தில் கயிறு கட்டி விளக்குகளைத் தொங்கவிட்டாள். பௌசியாவுக்கு ஒரு கதிரை போட்டாள்.

சனிக்கிழமை உதவிக்கு வந்த றொஷினி அதைப் பார்த்தாள்.

"அம்மா, ஒன்பதாம் பிரிவு வாசிச்சனான் எல்லோ. ஒரு கடையில ஒரு ஆளின்ர சாமான்தான் இருக்கலாம். இன்னொரு ஆளுக்கு இடம் குடுக்கக் கூடாது."

"தெரியும்."

"கோத்தியே திங்கட்கிழமை சுத்திப் பாக்க வாறார்."

"வரட்டும்," என்றாள் செலீன். ஏணியில் ஏறி நின்று, பச்சைக் கண்ணாடி விளக்கு ஒன்றை எந்த உயரத்தில் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த ஆணியை எடுத்துத் தா. பெரிசு."